ஊசிய பாத்து மயங்குன நானும் மூச்ச அடக்குற அம்மாவும்

போன வியாழக்கிழமை ராமநாதபுரத்துல ஒரு ரத்த டெஸ்ட் எடுக்குற லேப்புல நான் பொத்துன்னு விழுந்துட்டேன். வயசு 34, எடை 81 கிலோ, ஊரு பாம்பன் பக்கம், அம்மா கடல்ல முங்கி பாசி எடுக்குற ஆளு, அப்பா இருந்த வரைக்கும் தென்கடல்ல வலை விட்டவரு, இப்படி ஒரு வீட்டுல பொறந்துட்டு ஒரு சின்ன ஊசிய பாத்து மயக்கம் போட்டேன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியுமா, அதுவும் கூட வந்தது எங்க மச்சான், அவரு வாயில விழுந்த சேதி மண்டபம் தாண்டி உச்சிப்புளி வரைக்கும் போயிரும்.

நடந்தது இதுதான். சுகர் பாக்கணும்னு வெறும் வயித்தோட போயிருந்தேன். அந்தப் புள்ள கைல ரப்பர் குழாய இறுக்கிக் கட்டி, ஸ்பிரிட் பஞ்ச வச்சுத் தொடச்சுச்சு, சில்லுன்னு இருந்துச்சு, "கைய மூடிக்கங்கண்ணே"ன்னு சொல்லிட்டு ஊசி கவர பிரிச்சுச்சு. நான் வேற பக்கம் பாத்திருக்கணும். பாக்கல. முதல்ல நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, அப்புறம் திடீர்னு அந்தப் படபடப்பு அப்படியே இறங்கிருச்சு, ஒரு கொட்டாவி வந்துச்சு, காதுல சங்க வச்சுக் கேட்ட மாதிரி ஒரு இரைச்சல், கழுத்தெல்லாம் வேர்வ, கண்ணோட ஓரத்துல இருந்து இருட்டு உள்ள உள்ள வந்துகிட்டே இருந்துச்சு... அவ்வளவுதான் ஞாபகம். முழிச்சுப் பாத்தா டைல்ஸ் தரைல கெடக்கேன். நல்ல மனசுக்காரங்க நாலு பேரு சேந்து என்னத் தூக்கி நாற்காலில நிமிந்து உக்கார வச்சாங்க, வச்ச அர நிமிசத்துல மறுபடியும் போயிட்டேன். ரெண்டாவது தடவ முழிக்கும்போது கைக்குள்ள பைக் சாவி. யாரோ வலிப்புன்னு நெனச்சு குடுத்திருக்காங்க. இவ்வளவு கூத்துக்கும் ரத்தம் ஒரு சொட்டு கூட எடுக்கல.

அம்மா அன்னைக்கு பாசிக்குப் போயிட்டு மூணு மணி வாக்குல வந்துச்சு. சேலைக்கு மேல போட்ட பழைய சட்ட நனஞ்சபடியே திண்ணைல உக்காந்து, வெரல்ல சுத்தியிருந்த துணிய ஒவ்வொண்ணா அவுத்துகிட்டே மச்சான் சொன்ன கதைய முழுசா கேட்டுச்சு. அப்புறம் என்னப் பாத்து ஒரே ஒரு கேள்வி.

"ஏண்டா, குத்துறதுக்கு முன்னாடியே விழுந்தியா, குத்துனப்புறமா?"

"முன்னாடிம்மா."

சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு அதுக்கு. சிரிச்சு முடிச்சுட்டு, ஒனக்கு மனசுல தைரியம் பத்தலடான்னு ஒரு வார்த்த சொல்லுச்சு பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. இப்ப ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாலும் நான் பி.எஸ்சி. ஜுவாலஜி படிச்சவன். மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது முகுளம் பண்ற வேலன்னு சொன்னேன். அது யாருடா முகுளம்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விக்கு பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு எங்க வீட்டுல இன்னும் முடியல.

பிடரிக்கு உள்ள, மூளை கீழ இறங்கி தண்டுவடமா மாறுற எடத்துல மூணு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கு, அதுதான் முகுளம். நம்ம கட்டவிரல்ல பாதி கூட வராது. மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, ரத்த அழுத்தம், முழுங்குறது, இருமல், தும்மல், வாந்தி எல்லாத்துக்கும் அங்கதான் ஆபீஸ். மேல இருக்குற பெரிய மூளை என்னத்த யோசிச்சாலும் யோசிக்காட்டியும் இது பாட்டுக்கு வேல பாத்துகிட்டு இருக்கும். கோழி அறுத்தா தலையில்லாம கொஞ்ச தூரம் ஓடும்ல, அமெரிக்காவுல கொலராடோவுல ஒரு சேவல் 1945ல தல போனப்புறம் 18 மாசம் உயிரோட இருந்துச்சு, மைக்னு பேரு வச்சு ஊர் ஊரா காட்சிக்குக் கொண்டு போனாங்க, சொட்டு மருந்துக் குழாய்ல தொண்டக்குள்ள தீனி விட்டாங்க. கோடாரி கொஞ்சம் மேல விழுந்துட்டதால மூளையோட அடித்தண்டு உடம்போடயே தங்கிருச்சு, அதனாலதான். இத அம்மாகிட்ட சொன்னேன், பாவம்டா அந்தக் கோழி, ஒரே வெட்டா வெட்டத் தெரியாதவன் கைல மாட்டிருக்குன்னு சொல்லிருச்சு. வாஸ்தவம்தான்.

நெஞ்சுத் துடிப்ப முகுளம்தான் உண்டாக்குதுன்னு நெனச்சுறாதீங்க. துடிப்பு இதயத்துக்குச் சொந்தமானது. உயிரோட வந்த விலாங்க ஆஞ்சவங்களுக்குத் தெரியும், கொடலெல்லாம் எடுத்து ஓரமா போட்டப்புறமும் அந்தச் சின்ன செவப்பு உருண்ட மட்டும் தனியா துடிச்சுகிட்டு கெடக்கும். நம்ம இதயத்துக்குள்ளயும் மேல வலது பக்கத்துல ஒரு சின்ன கணு இருக்கு, அது பாட்டுக்கு விட்டா நிமிசத்துக்கு 100 தடவ கிட்ட அடிக்கும். ஆனா சும்மா உக்காந்திருக்கும்போது நமக்கு 70, 75தான் இருக்கு. ஏன்னா மூளைல இருந்து ஒரு நரம்பு வந்து எந்நேரமும் அத அடக்கிப் புடிச்சுகிட்டே இருக்கு. மாத்து இதயம் வச்சவங்களுக்கு அந்த நரம்பு அறுந்து போயிருக்கும், அவங்களுக்கு சும்மா இருக்கும்போதே துடிப்பு 90, 100னு ஓடும்.

அந்த நரம்புக்கு வேகஸ்னு பேரு. லத்தீன்ல ஊர்சுத்தின்னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி மண்டைல கெளம்பி, கழுத்து வழியா எறங்கி, நெஞ்சு, நுரையீரல், எரப்பை, குடல்னு ஒரு எடம் விடாம சுத்திட்டு வருது. இன்னொரு விசயம், இதுல முக்கால்வாசிக்கு மேல மேலருந்து கீழ உத்தரவு கொண்டு போற வேலை இல்ல, கீழ நடக்குறத மூளைக்குப் போயி சொல்ற வேல. கோள்மூட்டி நரம்புன்னு கூட சொல்லலாம்.

வேகஸுக்கு எதிர்ப்பக்கம் இழுக்குறதுக்கு பரிவு நரம்புன்னு ஒரு கூட்டம், முதுகுத் தண்டுல இருந்து வரும். அது துடிப்ப ஏத்தும், ரத்தக் குழாய்கள இறுக்கிப் புடிக்கும், வேர்க்க வைக்கும், கண்மணிய பெருசாக்கும். பாட புஸ்தகத்துல ஒண்ணு வேகம் ஒண்ணு பிரேக்குன்னு படிச்சிருப்போம், எனக்கு அது அவ்வளவா ஒத்து வரல. பாய் கட்டுன வத்தைப் படகுல நட்டு வச்ச மரத்த நெனச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் கயிறு, ரெண்டும் எந்நேரமும் இழுத்துகிட்டேதான் இருக்கும், ரெண்டு இழுப்பும் சமமா இருக்குறதாலதான் மரம் நிக்கிது, காத்து மாறுனா ஒண்ண கொஞ்சம் இறுக்கி இன்னொண்ண கொஞ்சம் தளத்துவாங்க. முகுளம் இந்த வேலையத்தான் ராவும் பகலும் பாக்குது. இந்த நரம்புகளுக்கு தானியங்கு நரம்பு மண்டலம்னு பேரு, இங்கிலீஷ்ல அந்தப் பேர வச்சவரு கேம்பிரிட்ஜ்ல இருந்த லேங்லி, 1898ல.

இப்ப லேப்புக்கு வருவோம். ஊசியப் பாத்ததும் பயத்துல பரிவுக் கயிறு இறுகுச்சு, நெஞ்சு படபடன்னுச்சு. அதுவரைக்கும் ஊருல எல்லாருக்கும் நடக்குறதுதான். என்ன மாதிரி சில பேருக்கு அதுக்கடுத்து முகுளம் ஒரு கோளாறு பண்ணும், பரிவுக் கயிற பட்டுன்னு விட்டுட்டு வேகஸ் கயிற பலமா இழுத்துரும். துடிப்பு சரசரன்னு இறங்கும், காலு, வயிறுன்னு கீழ இருக்குற ரத்தக் குழாயெல்லாம் தளந்து போயி ரத்தம் அங்கேயே தங்கிரும், தலைக்கு ஏறுறது குறைஞ்சு போகும். மரம் சாஞ்சுருச்சு. பள்ளிக்கூட ப்ரேயர்ல வெயில்ல நின்னுகிட்டே பிள்ளைங்க விழுறதும் பெரும்பாலும் இதே கணக்குதான், சும்மா நிமிந்து நின்னாலே அர லிட்டருக்கு மேல ரத்தம் காலுக்கு இறங்கிரும், அதச் சரிக்கட்டத்தான் கழுத்துலயும் நெஞ்சுலயும் பெரிய ரத்தக் குழாய் சுவர்ல அழுத்தத்த அளக்குற நரம்பு நுனிக இருக்கு.

விழுகுறதுதான் இதுக்கு மருந்து. படுத்தா தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்துரும், ரத்தம் தானா தலைக்குப் போயிரும். அதனால யாராவது இப்படி விழுந்தா தயவுசெஞ்சு தூக்கி நிமித்தி உக்கார வைக்காதீங்க, நான் ரெண்டாவது தடவ போனதுக்கு அதுதான் காரணம். படுக்கப் போட்டு காலத் தூக்கி ஒரு பலகை மேல வைங்க, போதும். சாவி வேணாம்.

இதையெல்லாம் சொன்னப்ப அம்மா பாசிய காயப் போட்டுகிட்டே கேட்டுச்சு. அன்னைக்கு மரிக்கொழுந்து பாசி, வெல கூடுன ஜாதி, அகர் அகர் எடுக்குறதுக்குப் போறது. ஒவ்வொரு கொத்தா ஒதறி நடுவுல இருக்குற சிப்பித் தூளயும் கல்லயும் பொறுக்கிப் போட்டுகிட்டே, "அப்ப நா முங்கும்போது நெஞ்சு மெதுவா அடிக்கிதே, அதுவும் அவன்தானா?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு ஒரு நிமிசம் பேச்சே வரல. ஏன்னா அவன்தான். அதே வேகஸ். என்னை டைல்ஸ் தரைல சாச்ச அதே கயிறுதான் எங்கம்மாவ 30 வருசமா கடலுக்குள்ள காப்பாத்துது.

மூச்ச அடக்கி மூஞ்ச தண்ணிக்குள்ள விட்டா, கண்ண சுத்தியும் நெத்தியிலயும் இருக்குற நரம்பு அந்தக் குளிர்ச்சிய முகுளத்துக்குச் சொல்லும். முகுளம் உடனே ரெண்டு வேல பண்ணும். ஒண்ணு வேகஸ இழுத்து துடிப்பக் குறைக்கும், இன்னொண்ணு பரிவு நரம்ப வச்சு கைகால் ரத்தக் குழாய இறுக்கும். ஏன்னு கேட்டா உள்ள இருக்குற ஆக்சிஜன் கொஞ்சம், அத கை கால்ல செலவழிக்காம மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கி வைக்குது. என் விசயத்துல ஒரு கயித்த இழுத்து இன்னொண்ண விட்டுருச்சு, அம்மா முங்கும்போது ரெண்டையும் சேத்து இழுக்குது. அதான் எனக்கு மயக்கம், அதுக்கு பாசி.

பிரான்சுல பால் பெர்ட்னு ஒருத்தர் 1870லயே வாத்த தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்சு அதோட துடிப்பு குறையுறத எழுதி வச்சிருக்காரு. அப்புறம் ஷோலாண்டர்னு ஒரு விஞ்ஞானி சீல்கள வச்சு பாத்தாரு, 1960கள்ல ஆஸ்திரேலியாவுக்கு வடக்க டாரஸ் ஜலசந்தில முத்துக் குளிக்கிறவங்களயும் அளந்தாரு. மனுசனுக்கு சீல் அளவுக்கெல்லாம் வராது, ஆனா இருக்கு. இந்தோனேசியா பக்கம் பஜாவ்னு கடல்லயே வாழுற ஜனங்க இருக்காங்க, அவங்களுக்கு மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரங்கள விட பாதிக்குப் பாதி பெருசா இருக்குன்னு 2018ல வந்த ஒரு ஆராய்ச்சி சொல்லுச்சு, முங்கும்போது மண்ணீரல் சுருங்கி அதுக்குள்ள சேத்து வச்ச செவப்பணுக்கள ரத்தத்துக்குள்ள தள்ளும், அது ஒரு கூடுதல் சேமிப்பு.

கொரோனா சமயத்துல வாங்குன ஆக்ஸிமீட்டர் ஒண்ணு பீரோல கெடந்துச்சு. பேட்டரி மாத்துனேன். ஐஸ் பாக்ஸ்ல இருந்து ரெண்டு கை ஐஸ அள்ளி அலுமினிய சட்டில போட்டு தண்ணி ஊத்தி அம்மா முன்னாடி வச்சேன். (இதய நோய் இருக்குறவங்க இத வீட்டுல செஞ்சு பாக்க வேணாம், சில வகை படபடப்ப நிறுத்த டாக்டருங்களே இந்த வித்தைய பயன்படுத்துறாங்க, அந்த அளவுக்கு வேல செய்யும்.) அம்மா வெரல்ல மீட்டர மாட்டுனேன், 78 காட்டுச்சு. முந்தானைய இடுப்புல சொருகிட்டு ஏதோ கஞ்சிச் சட்டிய மோந்து பாக்குற மாதிரி சாதாரணமா மூஞ்ச உள்ள விட்டுச்சு. 76. 71. 64. மச்சான் வாயத் தொறந்தபடி நிக்காரு. 59. அதுக்கப்புறம் நம்பரே காட்டல, வெறும் கோடு. மச்சான் பதறிட்டாரு. அது ஒண்ணுமில்ல, வெரலுக்குப் போற ரத்தக் குழாய் இறுகிருச்சு, மீட்டருக்குப் பாக்க அங்க ரத்தம் பத்தல. அம்மா தலையத் தூக்கி மூஞ்ச தொடச்சுட்டு, "இன்னும் கொஞ்சம் இருந்திருப்பேன், ஐஸு பல்லு கூசுது"ன்னுச்சு.

நானும் பண்ணிப் பாத்தேன். 92ல ஆரம்பிச்சு 83 வந்துச்சு, 19 செகண்டுல மூச்சு முட்டி எழுந்துட்டேன். இதுக்கு மேல கேக்காதீங்க.

மூச்சு முட்டுதுன்னு சொல்றோம்ல, அது எதனாலங்குறதுதான் இந்த மொத்தக் கதையில எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி. நெஞ்சுத் துடிப்ப நெனச்சு நிறுத்த முடியாது, குடல நெனச்சு நிறுத்த முடியாது. மூச்ச மட்டும் கொஞ்ச நேரம் நம்ம கைல குடுத்து வச்சிருக்கு. பேசணும், பாடணும், முங்கணும், ஊதணும், அதுக்காக பெரிய மூளைல இருந்து தனியா ஒரு வழி நேரா தண்டுவடத்துக்கு எறங்குது. முகுளத்துல இருந்து வர்றது வேற வழி. பிறவியிலயே முகுளத்து வழி கெட்டுப்போன குழந்தைங்க ரொம்ப அபூர்வமா பொறக்குறாங்க, பாக்ஸ்2பின்னு ஒரு மரபணுல கோளாறு. முழிச்சிருக்கும்போது பெருசா தொந்தரவு இருக்காது, தூங்குனா மூச்சு போதாம போயிரும், தெனமும் ராத்திரி மெஷின் மாட்டித்தான் தூங்க வைக்கணும்.

நம்ம கைல குடுத்தது கடனாத்தான். எப்ப திருப்பிக் கேக்குங்குறது எத வச்சுன்னா, ஆக்சிஜன் குறைஞ்சத வச்சுன்னுதான் நான் ரொம்ப நாளா நெனச்சுகிட்டு இருந்தேன், படிச்சவன் நானே. இல்ல. முக்கியமா கார்பன் டை ஆக்சைட வச்சுதான். மூச்ச வெளிய விடாம இருக்க இருக்க அது ரத்தத்துல சேரும், மூளைய சுத்தி இருக்குற தண்ணிக்குள்ள கசிஞ்சு அத லேசா புளிக்க வைக்கும், முகுளத்தோட மேல்பரப்புல இருக்குற செல்லுங்க அந்தப் புளிப்பக் கண்டுபுடிச்சு மணி அடிக்கும். மூச்ச ஓட்டுறது முக்கியமா கார்பன் டை ஆக்சைடுதான்னு ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905ல நிரூபிச்சாங்க, ஹால்டேன் கெட்ட காத்த தானே சுவாசிச்சு தன் உடம்ப வச்சே சோதன பண்ற ஆளு. ஆக்சிஜன் குறைஞ்சா சொல்றதுக்கும் கழுத்து ரத்தக் குழாய் கிட்ட அரிசி மணி அளவுக்கு ஒரு காவக்காரன் உண்டு, அதக் கண்டுபுடிச்சதுக்கு ஹேமான்ஸுக்கு 1938 நோபல் பரிசு, ஆனா அந்தக் காவக்காரன் எழுந்திரிக்கவே ரொம்ப நேரமாகும்.

அம்மாவுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனா கணக்கு தெரியும். "மொதல்ல தொண்டைல ஒரு இது வரும். அத சட்ட பண்ணக் கூடாது, எச்சி முழுங்குனா போயிரும். அடுத்து வயிறு துள்ளும். ஒரு துள்ளு வரைக்கும் இருக்கலாம். ரெண்டாவது துள்ளு வர்றப்ப தல தண்ணிக்கு மேல இருக்கணும்." வயிறு துள்ளுறதுன்னு சொல்றது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானம்ங்குற தசை சுருங்குறது, முகுளம் பொறுமை போயி அதுவா மூச்சிழுக்கப் பாக்குது, நம்ம தொண்டைய மூடி வச்சிருக்கோம், அந்த இழுபறிதான் துள்ளு. எச்சி முழுங்குனா கொஞ்சம் அடங்குறதும் உண்மதான், முழுங்கும்போது மூச்ச நிறுத்தச் சொல்லி முகுளமே உத்தரவு போடும், இல்லன்னா பொரையேறிரும்.

இதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு, இந்தப் பதிவுல ஒண்ண மட்டும் படிக்கிறதா இருந்தா இதப் படிங்க. எங்க தெருப் பயலுக போட்டி போட்டு முங்கும்போது அதுக்கு முன்னாடி பத்து இருவது தடவ வேகவேகமா மூச்ச இழுத்து இழுத்து விடுவானுக, நெறய காத்து புடிச்சுக்கிறோம்னு நெனப்பு. அம்மா பாத்துட்டா போச்சு, "என்னடா துருத்தி ஊதுற மாதிரி ஊதுறீங்க, ஏறுங்கடா கரைக்கு"ன்னு கல்ல எடுத்துரும். வேகமா மூச்சு விட்டா ஆக்சிஜன் பெருசா ஏறாது, ஏற்கனவே ரத்தத்துல 97, 98 சதவீதம் நெறஞ்சுதான் இருக்கு. கொறையிறது கார்பன் டை ஆக்சைடு. மணி அடிக்கிறவன வெளிய அனுப்பிட்டு வீட்டுக்குள்ள தீய வச்ச மாதிரி. முங்குனா முட்டவே முட்டாது, சொகமா இருக்கும், அதுக்குள்ள ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போயி நெனவு தப்பிரும். மேல ஏறி வரும்போது இன்னும் மோசம், தண்ணியோட அழுத்தம் குறைய குறைய நுரையீரல்ல இருக்குற ஆக்சிஜனோட அழுத்தமும் சேந்து விழுகும். நெனவு போனா முகுளம் தன் கடன வசூல் பண்ணிரும், மூச்ச இழுத்துரும், கரையா இருந்தா பொழச்சுக்கலாம், கடலுக்குள்ள அது இழுக்குறது தண்ணியத்தான். நீச்சல் நல்லா தெரிஞ்சவன்தான் இதுல போவான்.

அம்மாவுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க அம்மாச்சி துருத்தி ஊதக் கூடாதுன்னு சொன்னதாம், அவ்வளவுதான், காரணம் கேட்டா அப்படித்தான்னு ஒரு அடி விழுந்துச்சாம்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிருச்சு, வாசல்ல பாய் விரிச்சு படுத்திருந்தோம். "அப்ப நா தூங்கும்போது யாருடா எனக்கு மூச்சு விடுறது?"ன்னு கேட்டுச்சு அம்மா. முகுளத்துக்குள்ள சில ஆயிரம் நரம்பு செல் சேந்த ஒரு கொத்து இருக்கும்மா, அதுதான் தாளம் போடுதுன்னு சொன்னேன். இந்தக் கொத்த 1991ல அடையாளம் காட்டுனாங்க, பேரு என்ன தெரியுமா, ப்ரீ பாட்ஸிங்கர். பாட்ஸிங்கர்ங்குறது ஒரு ஜெர்மன் வைன். ஃபெல்ட்மேன்னு அமெரிக்க விஞ்ஞானி ஒருத்தர் ஜெர்மனில ஒரு மாநாட்டுல மேசைல இருந்த பாட்டில்ல பாத்த பேர பக்கத்துப் பகுதிக்கு வச்சிட்டாரு, அதுக்கு ஒட்டி இருக்குற இந்தக் கொத்துக்கு அந்தப் பேரோட ப்ரீ சேத்துட்டாங்க. நம்ம ஒவ்வொரு மூச்சும் ஒரு சரக்கு பாட்டில் பேர்ல ஓடுது. மச்சானுக்கு இந்தத் தகவல் மட்டும் ரொம்ப புடிச்சுப்போச்சு.

அதே கொத்துதான் பெருமூச்சும் விடச் சொல்லுது. கவலைல விடுறது வேற, கவலையே இல்லாட்டியும் அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ நம்மள அறியாம ரெட்ட மூச்சு ஒண்ணு விடுவோம். நுரையீரல்ல கோடிக்கணக்கான சின்னச் சின்ன காத்துப் பை இருக்கு, அதுல சிலது அப்பப்ப சப்பிப் போயிரும், அத உப்ப வைக்கத்தான் அது. நான் சின்ன வயசுல இருந்து அம்மா பெருமூச்சு விட்டா அப்பாவ நெனச்சுத்தான்னு நெனச்சுக்குவேன். அன்னைக்கு ராத்திரி செல்போன்ல நேரம் பாத்து எண்ணிகிட்டே இருந்தேன், தூங்கும்போதும் விடுது. ஓங்கிக்கு, அதான் டால்பினுக்கு, இந்த வசதி இல்லம்மா, அது ஒவ்வொரு மூச்சுக்கும் தானா மேல வந்து எடுக்கணும், அதனால பாதி மூளை தூங்கும் பாதி மூளை முழிச்சிருக்கும்னு சொல்லலாம்னு திரும்புனா அம்மா முழு மூளையும் தூங்கிருச்சு.

வேகஸ் இதயத்துக்கிட்ட எப்படி பேசுதுன்னு கண்டுபுடிச்ச கதைய அம்மாகிட்ட சொன்னப்ப அதுக்கு ரொம்ப சந்தோசம், ஏன்னா அதுல பாஸ்கா வருது. ஓட்டோ லோவின்னு ஜெர்மனில பொறந்து ஆஸ்திரியாவுல வேல பாத்த விஞ்ஞானி, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, நம்ம கோயில்ல பாஸ்கா பூசை நடக்குற அதே ராத்திரி, கனவுல ஒரு சோதனை தெரியுது. அர தூக்கத்துல எழுந்து துண்டுச் சீட்டுல கிறுக்கி வச்சுட்டு தூங்கிட்டாரு. காலைல பாத்தா கையெழுத்து அவருக்கே புரியல. நாள் பூரா தவிச்சிருக்காரு. அடுத்த ராத்திரி மூணு மணிக்கு அதே கனவு மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவ சீட்டெல்லாம் எழுதல, நேரா லேபுக்குப் போயிட்டாரு. ரெண்டு தவள இதயம், ஒண்ணுல வேகஸ் ஒட்டியிருக்கு, இன்னொண்ணுல இல்ல. முதல் இதயத்தோட வேகஸ கரண்ட் வச்சு தூண்டுனாரு, துடிப்பு குறைஞ்சுச்சு. அது நனஞ்சிருந்த உப்புத்தண்ணிய எடுத்து ரெண்டாவதுக்கு ஊத்துனாரு, நரம்பே இல்லாத அதுவும் குறைஞ்சுச்சு. அப்ப நரம்பு நுனில ஏதோ ஒரு சரக்கு கசியுது, பின்னாடி அது அசிட்டைல்கோலின்னு தெரிஞ்சுச்சு. 1921ல வெளியிட்டாரு, 1936ல ஹென்றி டேலோட சேத்து நோபல். நம்ம வேலியோரத்துல கெடக்குற ஊமத்தைல அட்ரோபின்னு ஒண்ணு இருக்கு, அது உள்ள போனா இந்தச் சரக்கு சொல்றத இதயம் கேக்காது, கண்ணு விரிஞ்சு வாய் காஞ்சு நெஞ்சு ஓட ஆரம்பிச்சுரும், ஊமத்தங்காய தின்னவன் பைத்தியம் மாதிரி திரியிறது சும்மா இல்ல. சில வகை பூச்சி மருந்து குடிச்சவங்களுக்கு ஆஸ்பத்திரில அதே அட்ரோபின்தான் மருந்தாவும் போடுறாங்க.

அம்மா கைய பத்தி சொல்லாம விட முடியாது. கடல்ல இருந்து வந்தா வெரல் நுனியெல்லாம் சுருங்கி கெழவி கை மாதிரி இருக்கும், துணி சுத்துறது பாறைல அறுக்காம இருக்கத்தான், தண்ணி உள்ள போகாம இல்ல. அந்தக் கையாலதான் எங்களுக்கு சோறு பெசஞ்சு உருட்டிக் குடுக்கும், நாக்குல அந்தச் சுருக்கம் தட்டும், இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. தண்ணில ஊறிப் போயி தோலு உப்புனதுன்னுதான் எல்லாரும் நெனக்கிறோம். இல்லையாம். பரிவு நரம்பு வெரல் நுனி ரத்தக் குழாய சுருக்குறதால தோலு உள்ள இழுபட்டு மடியுது. வெரலுக்குப் போற நரம்பு அறுந்து போனவங்களுக்கு எத்தன மணி நேரம் தண்ணில வச்சாலும் அந்த வெரல் சுருங்காது, நரம்பு வேல செய்யுதான்னு பாக்க டாக்டருங்க இத ஒரு சோதனையாவே வச்சிருக்காங்க. ஈரமான பொருள புடிக்க அந்தச் சுருக்கம் உதவுதுன்னு 2013ல சோதிச்சுப் பாத்தாங்க, டயர்ல வரி போட்ட மாதிரி. வழுக்குற பாசிய பறிக்கிறதுக்கு முகுளமும் தண்டுவடமும் சேந்து அம்மா கைக்கு வரி போட்டுக் குடுத்திருக்கு.

இன்னொண்ணு, சொல்லக் கூச்சமா இருந்தாலும் சொல்றேன், அம்மாவும் அதோட கூட்டாளிகளும் எப்பவும் பொலம்புற விசயம் இது. கடல்ல எறங்குனா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். குளிருன்னு நெனப்பாங்க, அதுவும் ஒரு காரணம்தான், ஆனா பெரிய காரணம் தண்ணியோட அழுத்தம். அது காலு கைல இருக்குற ரத்தத்த நெஞ்சுப் பக்கம் தள்ளிரும், இதயத்தோட மேலறை விரியும், ஓ ரத்தம் கூடிப்போச்சு போலன்னு தப்பா நெனச்சு மூளை தனக்குள்ள இருக்குற ஹைபோதலாமஸ்ங்குற பகுதில இருந்து தண்ணிய தேக்குற ஹார்மோன குறைச்சுரும், சிறுநீரகம் தொறந்து விட்டுரும். ஏமாந்த கணக்கு. அஞ்சு ஆறு மணி நேரம் கடல்ல கெடக்குற பொம்பளைங்க, தீவு ஓரத்துல ஒதுங்க எடம் கிடையாது, அதனால காலைல தண்ணியே குடிக்காம போறாங்க, உடம்பு இருக்குற தண்ணியயும் வெளிய தள்ளுது, சாயங்காலம் தலவலி, நீர்க்கடுப்பு. தலவலிய காத்து பட்டுதுன்னு சொல்லி தைலம் தேச்சுக்கிறாங்க. இப்ப அம்மாவுக்கு ஒரு லிட்டர் பாட்டில்ல உப்பு எலுமிச்சங்கா போட்டு குடுத்து விடுறேன், வள்ளத்துல போகும்போதே பாதியும் வரும்போது மீதியும் குடிக்கணும்னு சொல்லியிருக்கேன். பாதிய கூட்டாளிகளுக்குக் குடுத்துட்டு வருது.

ரத்தம் இன்னும் எடுக்கல. வர்ற சனிக்கிழமை போகணும். படுத்துகிட்டு எடுக்கச் சொல்லப் போறேன், ஊசியப் பாக்கும்போதே தொடையையும் கெண்டக்காலையும் இறுக்கி இறுக்கி விட்டா ரத்த அழுத்தம் விழாம நிக்குமாம், ஒரு வாரமா கடைல ஜெராக்ஸ் போட்டுகிட்டே பழகிகிட்டு இருக்கேன், பேப்பர் வாங்க வந்த ஒரு அண்ணாச்சி என்னப்பா காலு மரத்துப் போச்சான்னு கேட்டாரு. அம்மா சனிக்கிழமை பாசிக்குப் போகல, கூட வருது. அங்க என்ன வேலைன்னு கேட்டேன். ஒரு துள்ளு வரைக்கும் பாப்பேன், ரெண்டாவது துள்ளுக்கு ஒன்னப் புடிச்சு படுக்கப் போட்டுருவேன்னு சொல்லுது.